கல் இல்லாத கல்லறை: இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் குடியேறி அங்கேயே திருமணம் செய்துகொண்ட ஒருவர், தம் மனைவியின் முன்னோர் ஒருவரின் கல்லறையைத் தேடுகிறார். அந்த முன்னோர் நார்ஃபோக் கவுண்டியின் ஒரு சிற்றூரில் விவசாயக் கூலியாக இருந்தவர். 1789இல் அவ்வூர் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் அவர் 1846 பிப்ரவரியில் இறந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய பெற்றோர் 1800க்கு முன்பே இறந்துவிட்டதாகக் குடும்பத்தில் பேச்சு. இரண்டு முறை நேரில் போய் ஆலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் திடலை வரிசை வரிசையாகப் பார்த்தும் அந்தக் குடும்பப் பெயரில் ஒரு கல்கூட இல்லை. இனி எங்கே தேடுவது, அல்லது விட்டுவிடுவதா என்று கேட்கிறார்.

விட்டுவிட வேண்டாம். ஆனால் கல்லைத் தேடிப் போனது முதல் படியாக இருந்திருக்கக் கூடாது. ஒரு விவசாயக் கூலியின் குடும்பம் 1846இல் எழுத்துப் பொறித்த கல் நட்டிருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, வெளித்திடலில் பெயர் பொறித்த கல் நடுவதே இங்கிலாந்தில் அரிது. வசதி படைத்தவர்கள் ஆலயத்துக்குள்ளே தரையின் கீழ் இடம் வாங்கிக்கொண்டார்கள். அதன் பின்பும் கல் நட்டவர்கள் பெரும்பாலும் நில உடைமையாளர்களும் வணிகர்களும் ஓரளவு கையில் காசு புழங்கிய கைவினைஞர்களும்தான். ஏழைகளின் குழிமேல் ஒரு மண்மேடு இருக்கும். சில இடங்களில் இரண்டு முளைகளுக்கு நடுவே ஒரு மரப்பலகையில் பெயர் எழுதி வைப்பார்கள். மேடு சில ஆண்டுகளில் அமிழ்ந்துவிடும், பலகை ஒரு தலைமுறைக்குள் உளுத்துவிடும்.

அதோடு, அந்தத் திடலில் ஒருவருக்கு ஓரிடம் என்ற கணக்கே கிடையாது. முந்நூறு பேர் வாழும் ஒரு கிராமத்தில் ஆண்டுக்கு ஏழு பேர் இறந்ததாக வைத்துக்கொண்டால், எண்ணூறு ஆண்டுகளில் ஐந்தாயிரத்து அறுநூறு பேர். அத்தனை பேரையும் ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலம் வாங்கிக்கொண்டிருக்கிறது என்றால், பழைய குழிகளின் மீதே புதிய குழிகள் வெட்டப்பட்டன என்பதுதான் பொருள். பழைய ஆலயங்களில் சுற்றுத்திடல் நடைபாதையைவிட இரண்டு மூன்று அடி உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உயரத்துக்குப் பெரும்பங்கு காரணம் அங்கே உறங்கும் மனிதர்கள்தான். ஆகவே கல் கிடைக்கவில்லை என்பதை வைத்து அவர் அங்கே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அதற்குப் பதிவேடுதான் சாட்சி.

1538ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும் (ஓர் ஆலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதிதான் பங்கு) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் ஒரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். தொடக்கத்தில் சாதாரணத் தாளில் எழுதப்பட்டவை பல இடங்களில் அழிந்துபோயின. அதனால் 1598இல் வந்த உத்தரவு, பழைய பதிவுகளை, குறிப்பாக முதலாம் எலிசபெத் அரியணை ஏறிய 1558 முதலானவற்றை, தோல்தாளில் படியெடுக்கச் சொன்னது. பல பங்குகளின் பதிவேடுகள் சரியாக 1558இல் தொடங்குவதன் இரகசியம் இதுதான்: அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளைப் படியெடுக்க எழுத்தருக்குப் பொறுமை இருக்கவில்லை. இதே காலத்தில் ஆண்டுக்கொரு முறை ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்பும் வழக்கமும் விதியாயிற்று. இந்தப் பேராயர் நகல்களை மறந்துவிடாதீர்கள். மூலப் பதிவேட்டில் எலி தின்ற பக்கமோ ஈரம் குடித்த வரியோ நகலில் முழுதாகக் கிடைப்பதுண்டு. சில வேளைகளில் இரண்டுக்கும் இடையே வயதோ பெயரோ வேறுபடும். எழுத்தர் மறந்துபோன ஓர் அடக்கம் ஒன்றில் மட்டும் இருப்பதும் உண்டு. இரண்டையும் பார்க்காமல் "பதிவு இல்லை" என்று சொல்லக் கூடாது.

உங்கள் தேடலுக்கு இரண்டு ஆண்டுகள் மிக முக்கியமானவை: 1813, 1837. இவற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பவரையும் அந்தப் பக்கம் இருப்பவர்களையும் ஒரே முறையில் தேட முடியாது.

முதலில் 1846இல் இறந்தவர். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு இறப்புப் பதிவு தொடங்கிவிட்டது. ஆகவே பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் அவருடைய பெயரையும் இறந்த ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள். இப்போது அந்தப் பட்டியலில் இறந்தவரின் வயதும் இருக்கிறது. 1789இல் பிறந்தவருக்கு ஐம்பத்தாறு அல்லது ஐம்பத்தேழு வயது. இரண்டொரு ஆண்டு கூடக்குறைய இருந்தாலும் தள்ளிவிடாதீர்கள், ஏனென்றால் அன்று தம் வயதைச் சரியாக அறிந்திருந்தவர்கள் குறைவு. சான்றிதழை வாங்கினால் இறந்த நாள், இறந்த இடம், வயது, தொழில், காரணம், தகவல் கொடுத்தவர் பெயர் ஆகியவை கிடைக்கும். அடக்கம் செய்த இடம் அதில் இராது. பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ஸ்காட்லாந்தில் மட்டும் ஒரு விலக்கு உண்டு: அங்கே 1855இல் அரசுப் பதிவு தொடங்கியபோது அடக்க இடத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள், 1860க்குப் பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

சான்றிதழில் உங்களுக்கு வேண்டிய வரி "இறந்த இடம்" என்பதுதான். ஒரு பங்கில் வசிப்பவருக்கும், அந்தப் பங்கின் எல்லைக்குள் இறப்பவருக்கும் அங்கே அடக்கம் பெறும் உரிமை இங்கிலாந்தின் வழக்குச் சட்டத்தில் உண்டு. கூலி விவசாயிகள் வேலை கிடைத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தவர்கள். ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே அவர் இறந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நார்ஃபோக்கில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். அந்தக் கவுண்டியில் மட்டும் 650க்கும் மேற்பட்ட இடைக்கால ஆலயங்கள் இருக்கின்றன. ஓர் ஆலயக் கோபுரத்தின் அடியில் நின்றால் மூன்று நான்கு கோபுரங்கள் கண்ணில் படும் இடங்கள் அங்கே உண்டு. பங்குகள் அவ்வளவு சிறியவை என்பதால், அரை மணி நேரம் நடந்தால் வேறொரு பதிவேட்டின் எல்லைக்குள் போய்விடலாம். ஆகவே பங்கு எல்லைகள் குறித்த வரைபடம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, சொந்த ஊரைச் சுற்றித் தொட்டு நிற்கும் எல்லாப் பங்குகளையும் பட்டியலிடுங்கள். பிறகு அவற்றைத் தொட்டு நிற்கும் அடுத்த வளையத்தையும் பட்டியலிடுங்கள். பெரும்பாலான "காணாமற்போன" முன்னோர்கள் இந்த இரண்டு வளையங்களுக்குள் அகப்பட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

இறந்த இடம் ஏழையர் விடுதி என்று சான்றிதழ் சொன்னால் மனம் தளர வேண்டாம். ஆனால் பாதை மாறும். 1834இன் ஏழையர் சட்டத்துக்குப் பிறகு பல பங்குகள் சேர்ந்து ஓர் ஒன்றியமாகி, ஒன்றியத்துக்கு ஒரு விடுதி என்ற ஏற்பாடு வந்தது. அங்கே இறந்தவரின் உடலை உறவினர் கேட்டு வாங்கிச் சொந்த ஊரில் அடக்கம் செய்திருக்கலாம். இல்லையென்றால் விடுதி இருந்த பங்கின் திடலில், அல்லது விடுதிக்கென்றே இருந்த நிலத்தில் அடக்கம் நடந்திருக்கும். இன்னொரு கசப்பான சாத்தியமும் உண்டு. 1832இன் உடற்கூறியல் சட்டப்படி, யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடல்கள் மருத்துவப் பள்ளிகளுக்கு அனுப்பப்படலாம். அப்படியானால் அடக்கம் இறந்த நாளிலிருந்து வாரங்களோ மாதங்களோ தள்ளி, மருத்துவப் பள்ளி இருந்த நகரத்தில் பதிவாகியிருக்கும்.

இனி அடக்கப் பதிவேட்டுக்கு வருவோம். 1813 ஜனவரி 1 முதல், ரோஸ் சட்டம் என்று அழைக்கப்படும் 1812ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அச்சிட்ட படிவங்களில்தான் அடக்கங்கள் எழுதப்பட்டன: பெயர், வசிப்பிடம், அடக்க நாள், வயது, சடங்கு நடத்திய குருவானவரின் கையொப்பம். பக்கத்துக்கு எட்டுப் பதிவுகள். 1846இல் இறந்தவருக்கு இந்த ஐந்து விவரங்களும் கிடைக்கும். அவற்றில் வசிப்பிடம் என்ற கட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். அதில் வேறு ஊரின் பெயர் இருந்தால், உடலை அங்கிருந்து இங்கே சுமந்து வந்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் மனைவியோ குழந்தையோ ஏற்கெனவே இங்கே அடக்கமானதுதான் அதற்குக் காரணம். அந்த ஒரு சொல்லிலிருந்து ஒரு முழுக் கிளையைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். இறப்புக்கும் அடக்கத்துக்கும் இடையே பொதுவாகச் சில நாட்கள்தான் இருக்கும். பிப்ரவரிக் கடைசியில் இறந்தவரின் அடக்கம் மார்ச்சில் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

1800க்கு முன் இறந்த பெற்றோரின் கதை வேறு. 1813க்கு முன்பு அடக்கப் பதிவில் என்ன எழுதுவது என்பது எழுதியவரின் மனத்தைப் பொறுத்தது. "மேரி, ஜானின் மனைவி" என்று முடித்துவிடுவார். வயது இராது, ஊர் இராது. சில இடங்களில் "விதவை", "ஏழை", "குழந்தை" என்ற ஒரு சொல் கூடுதலாக இருந்தால் அதுவே பெரிய வரம். யார்க் பேராயத்தின் (பேராயர் ஒருவரின் பொறுப்பில் உள்ள பங்குகளின் தொகுதி) பகுதிகளில் வில்லியம் டேட் என்ற குருவானவர் வகுத்த முறைப்படி 1770களிலிருந்து வயது, இறப்புக் காரணம், பெற்றோர் பெயர் வரை எழுதினார்கள். ஆனால் அந்தக் கொடுப்பினை நார்ஃபோக்குக்குக் கிட்டவில்லை. ஆயினும் அதே காலத்தில் நார்ஃபோக்கின் பல பங்குகளில் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. 1789ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவின் சுருக்கத்தை மட்டும் இணையத்தில் பார்த்திருந்தால், மூலப் பக்கத்தின் படத்தையும் ஒருமுறை பாருங்கள். தாயின் பிறந்தவீட்டுப் பெயர் கிடைத்தால் அவருடைய சொந்தப் பங்கு எது என்று தெரியவரும், தேடல் அங்கும் விரியும்.

இந்தப் பெற்றோர் 1783க்கும் 1794க்கும் இடையே இறந்திருந்தால் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1783 அக்டோபர் முதல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி விதிக்கப்பட்டது. ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. விளைவாக அந்தப் பத்தாண்டுகளில் பதிவேட்டின் ஓரத்தில் "ஏழை" என்ற குறி பெருகியது. சில இடங்களில் குருவானவர் இரக்கப்பட்டுக் குறித்திருப்பார். சில இடங்களில் குடும்பங்கள் பதிவையே தள்ளிப்போட்டன. ஆகவே அந்தக் குறியை வைத்துக் குடும்பத்தின் நிலையை அளந்துவிடாதீர்கள். 1678 முதல் இறந்தவரைக் கம்பளித் துணியில்தான் சுற்ற வேண்டும் என்ற சட்டமும் இருந்தது. உள்நாட்டுக் கம்பளி வணிகத்தைக் காப்பதற்காக வந்த அந்தச் சட்டத்தை மீறினால் ஐந்து பவுண்டு தண்டம். பதிவுகளின் ஓரத்தில் உறுதிமொழி பெற்றதற்கான சுருக்கக் குறிப்பைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். செல்வர் சிலர் தண்டத்தைக் கட்டிவிட்டு லினன் துணியிலேயே போனார்கள் என்பது வேறு செய்தி.

இன்னும் பின்னோக்கிப் போகிறவர்களுக்கு நாட்காட்டி ஒரு பொறி. 1752க்கு முன்பு இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. பதிவேட்டில் 1730 பிப்ரவரி என்று இருந்தால் அது நம் கணக்கில் 1731 பிப்ரவரி. ஒரு குழந்தை பிறக்கும் முன்பே அடக்கமானதாகத் தோன்றும் பதிவுகளில் பாதி இந்தக் குழப்பத்தால் வருபவை. 1640களிலும் 1650களிலும் உள்நாட்டுப் போரும் குடியரசும் நடந்த காலத்தில் பதிவேடுகளில் பெரிய ஓட்டைகள் உண்டு. அவற்றை யாராலும் முழுமையாக அடைக்க இயலாது.

பதிவேடுகள் இருக்கும் இடம் பற்றி. எழுதி முடிந்து நூறாண்டு கடந்த பதிவேடுகளை ஆலயத்திலேயே வைத்திருக்கும் வழக்கம் இப்போது இல்லை. 1978இல் திருச்சபை இயற்றிய விதி அவற்றைப் பேராயத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கச் செய்தது. அது பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகமாகவே இருக்கும். உங்களுக்கு அது நார்விச் நகரிலுள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகம். ஆகவே பங்குக்குருவானவருக்குக் கடிதம் எழுதுவதால் பெரிதாகப் பலன் இராது. ஐந்தாறு ஆலயங்களை ஒருவரே கவனித்துக்கொள்ளும் இந்நாளில் அவருக்கு அதற்கு நேரமும் இராது. ஃபேமிலிசெர்ச், ஃப்ரீரெக் போன்ற இலவசத் தளங்களில் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: பழைய இணையத் தொகுப்புகள் பல ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் மையமாக வைத்துத் திரட்டப்பட்டவை, அடக்கங்கள் அவற்றில் மிகக் குறைவு. இந்தக் குறையை நிரப்பத்தான் குடும்ப வரலாற்றுச் சங்கங்களின் கூட்டமைப்பு தேசிய அடக்கப் பட்டியலைத் தொகுத்தது. அதுவும் எல்லாப் பங்குகளையும் உள்ளடக்கியது அன்று. தேடுபெட்டி "எதுவும் கிடைக்கவில்லை" என்று சொன்னால், உங்கள் பங்கும் உங்கள் ஆண்டும் அந்தத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள்.

பதிவு கிடைத்த பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது: அது உங்கள் ஆள்தானா? ஒரே ஊரில் ஒரே பெயரில் தந்தை, மகன், பெரியப்பா மகன் என்று மூவர் இருப்பது அங்கே சாதாரணம். நானே ஒருமுறை ஒரு வில்லியமின் அடக்கத்தைக் கண்டு மகிழ்ந்து, அவருடைய விதவையையும் பிள்ளைகளையும் மூன்று வாரம் துரத்திக்கொண்டு போன பிறகு, என் வில்லியம் அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உயிரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அடக்கப் பதிவு ஒருவரை "முடித்துவைக்கிறது". ஆகவே அவரை முடித்துவைப்பதற்கு முன், அதற்குப் பிறகு அவர் எங்கும் தென்படவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். உங்கள் நபருக்கு இது எளிது. 1841 ஜூன் 6ஆம் தேதி எடுத்த கணக்கெடுப்பில் அவர் இருக்க வேண்டும் (பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழ்நோக்கிக் குறைத்து எழுதினார்கள் என்பதால், ஐம்பத்தொன்று என்பது ஐம்பது என்றே இருக்கும்). 1851 மார்ச் 30ஆம் தேதிக் கணக்கெடுப்பில் அவர் மனைவி விதவையாக இருக்க வேண்டும், அல்லது மறுமணமோ இறப்போ பதிவாகியிருக்க வேண்டும். அடக்கப் பதிவோடு இந்த இரண்டும் பொருந்தினால் நம்பலாம். இணையத்தில் வேறொருவர் போட்டுவைத்த குடும்ப மரத்தை மட்டும் நம்பி எதையும் எழுதிவிடாதீர்கள். ஒருவரின் ஊகத்தை நாற்பது பேர் நகலெடுத்தால் அது நாற்பது சாட்சிகள் ஆகிவிடாது.

இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் பதிவேட்டில் அவர் இல்லவே இல்லையென்றால் குடும்பத்தின் சமய நிலையை யோசிக்க வேண்டும். நார்ஃபோக்கில் அந்தத் திருச்சபையைச் சேராத மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் ஆகிய கிறிஸ்தவச் சபையினர் கணிசமாக இருந்தார்கள். பொதுவாக 1880ஆம் ஆண்டின் அடக்கச் சட்டம் வரும்வரை, திருச்சபைக்கு வெளியே இருந்தவர்களும் பங்குத் திடலிலேயே ஆங்கிலிக்கன் சடங்கோடு அடக்கம் பெற்றார்கள். வேறிடம் பலருக்கு இல்லை. விதிவிலக்காகச் சபைக்குச் சொந்தமான சிறு நிலங்கள் இருந்தன. நார்விச்சில் 1819இல் உருவான ரோசரி கல்லறைத் தோட்டம் எந்தச் சபையையும் சாராதது, 1821இல் அங்கே முதல் அடக்கம் நடந்தது. அரசுப் பதிவு வந்தபோது இந்தச் சபைகளின் பழைய பதிவேடுகளை அரசு திரட்டிக்கொண்டது. இன்று அவை லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன. குவேக்கர் குடும்பமானால் கல்லைத் தேடவே வேண்டாம்: 1850 வரை அவர்கள் கல் நடுவதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவர்களுடைய பதிவேடுகளைப் போல ஒழுங்கானவை வேறெதுவும் இல்லை.

ஒரு சகோதரர் மட்டும் திடீரென்று மறைந்துபோனால், அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்திருக்கலாம் என்பதையும் ஒரு ஓரத்தில் வையுங்கள். இந்தியாவில் அடக்கமான ஐரோப்பியர்களின் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாணத்துக்கானவை 1698இலிருந்தே தொடங்குகின்றன, வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் உரியவற்றைவிட முன்னதாக. நார்ஃபோக் கூலியின் தம்பி செயின்ட் தாமஸ் மவுண்டில் கிடப்பது நடக்காத ஒன்றன்று.

இனி, பதிவு கிடைத்தது, ஆளும் உறுதியாயிற்று. திடலில் எந்த இடம்? இங்கேதான் பெரும்பாலோர்க்கு விடை இல்லாமல் போகிறது. பங்குப் பதிவேடு "இந்தத் திடலில் அடக்கம்" என்று சொல்லுமே தவிர எந்த மூலை என்று சொல்லாது. லண்டனின் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் போன்ற சில நகர ஆலயங்களில் குழிவெட்டும் பொறுப்பாளர்களின் நாட்குறிப்புகள் (அங்கே 1747 முதல் 1825 வரையிலானவை) தப்பியிருக்கின்றன. கிராமத்தில் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க முடியாது. திடல் வரைபடங்கள் பெரும்பாலும் அண்மைக் காலத்தவை. ஆயினும் மூன்று இடங்களைப் பார்த்துவிடுவது நல்லது. முதலாவது, உயில்கள்: "என் மறைந்த மனைவியின் அருகில், தென்புற நுழைவாயிலுக்குப் பக்கத்தில்" என்ற வகை வேண்டுகோள்கள் பழைய உயில்களில் இயல்பு, உங்கள் கூலி விவசாயி உயில் எழுதியிருக்க மாட்டார், ஆனால் சிறு நிலம் வைத்திருந்த அவருடைய தாய்வழிப் பாட்டனார் எழுதியிருக்கலாம். இரண்டாவது, ஆலயக் கண்காணிப்பாளர்களின் கணக்குகளும் 1834க்கு முந்தைய ஏழையர் கண்காணிப்பாளர்களின் கணக்குகளும்: சவப்பெட்டிக்கு, மணி அடித்ததற்கு, குழி வெட்டியதற்கு, தூக்கி வந்தவர்களின் பீருக்கு என்று கொடுத்த காசுகள் அதில் இருக்கும். இடம் தெரியாவிட்டாலும் அந்த அடக்கம் எப்படி நடந்தது என்பது தெரியும். என்னைக் கேட்டால் இது ஒரு கல்லைவிடப் பெரிய கொடை.

மூன்றாவது, கல்வெட்டுப் படிகள். குடும்ப வரலாற்றுச் சங்கங்களும் அதற்கு முன் உள்ளூர் ஆர்வலர்களும் கல்லறைக் கற்களின் வாசகங்களைப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பார்த்தபோது இல்லாத கல் அறுபது ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்கலாம். புல் வெட்டும் இயந்திரம் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக 1960களிலும் 70களிலும் பல திடல்களில் கற்களைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்திவைத்தார்கள். சிலவற்றை நடைபாதைக்குப் பாவினார்கள். சுவரோரம் சாய்ந்து நிற்கும் கல் தன் கல்லறையைக் காட்டவில்லை என்பதை மறக்கக் கூடாது. நார்ஃபோக் குடும்ப வரலாற்றுச் சங்கத்திடம் உங்கள் பங்குக்கான படி இருக்கிறதா என்று கேளுங்கள். கூலிக்காரரின் பெயர் இல்லாவிட்டாலும், திருமணமாகிப் பெயர் மாறிய மகளின் கல்லில் "மேற்படியாரின் பெற்றோரும் அருகில்" என்று ஒரு வரி இருக்கக்கூடும்.

மீண்டும் நேரில் போனால், பகல் உச்சியில் போகாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் கல்லின் முகத்தில் சாய்ந்து விழும்போது, மதியத்தில் வெறும் பாறையாகத் தெரிந்த கல்லில் எழுத்துகள் எழும். நிழலில் நிற்கும் கல்லுக்கு ஒரு கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சலாம். சுண்ணக்கட்டி தேய்ப்பது, சவர நுரை பூசுவது, கம்பித் தூரிகையால் உரசுவது ஆகிய எல்லாம் கல்லைக் கொல்லும் வேலைகள்; பாசிபோலப் படர்ந்திருக்கும் கற்பாசிகளில் சில அந்தக் கல்லின் வயதே உடையவை, அவற்றைச் சுரண்டக் கூடாது. 1, 4, 7 ஆகிய எண்கள் தேய்ந்தால் ஒன்றாகத் தெரியும். 1821 என்று படித்ததைப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் குறித்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக உடல் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாகக் கிடத்தப்பட்டிருக்கும். ஆலயத்தின் வடபுறம் நெடுங்காலம் விரும்பப்படாத பகுதி. ஏழைகளும், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும், தற்கொலை செய்துகொண்டவர்களும் அங்கே ஒதுக்கப்பட்டார்கள். இதை வைத்து உங்கள் முன்னோர் வடக்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. 1846க்குள் தெற்கு நிரம்பிவிட்டதால் எல்லோருமே வடக்கே போகத் தொடங்கியிருந்த ஊர்கள் பல.

அந்த ஆலயமே இல்லாமல் போயிருக்கவும் கூடும். நார்ஃபோக்கில் இடிந்துபோன ஆலயங்கள் ஏராளம். அவற்றின் பதிவேடுகள் இணைக்கப்பட்ட பக்கத்துப் பங்கின் பெயரில் காப்பகத்தில் இருக்கும். 1942இல் படைப்பயிற்சிக்காக மக்களை வெளியேற்றிய டோட்டிங்டன், வெஸ்ட் டோஃப்ட்ஸ், ஸ்டான்ஃபோர்ட் போன்ற கிராமங்களின் ஆலயங்களும் கல்லறைத் திடல்களும் இன்றும் இராணுவ எல்லைக்குள் இருக்கின்றன. அங்கே செல்ல முன் அனுமதி வேண்டும். உங்கள் குடும்பத்தின் அடுத்த தலைமுறை நகரத்துக்குப் போயிருந்தால் 1850களை ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள்: 1852, 1853ஆம் ஆண்டுகளின் அடக்கச் சட்டங்கள் நெரிசலான நகரத் திடல்களை மூடவைத்தன, அதன் பிறகு நகரத்தில் இறந்தவர்களைப் பொதுக் கல்லறைத் தோட்டங்களின் பதிவேடுகளில் தேட வேண்டும். அவை குழி எண்ணோடு எழுதப்பட்டவை, ஆகவே சரியான இடத்தையே காட்டிக்கொடுக்கும்.

நகரத் திடல்களில் இருந்தவர்கள் அங்கேயே விடப்படவும் இல்லை. 1860களில் லண்டனின் செயின்ட் பாங்கிராஸ் பழைய ஆலயத் திடலின் ஒரு பகுதியை இருப்புப்பாதை விழுங்கியபோது, எலும்புகளை அகற்றும் பணியை மேற்பார்வையிட்டவர்களில் அப்போது இளம் கட்டடக் கலைஞராக இருந்த, பின்னாளில் நாவலாசிரியரான தாமஸ் ஹார்டியும் ஒருவர். ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றிவந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ் 1814இல் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் அடக்கத் திடலில் புதைக்கப்பட்டார். பதிவு தெளிவாக இருந்தது, கல் மறைந்துவிட்டது. யூஸ்டன் நிலையத்தின் நடைமேடைக்கு அடியில் கிடக்கிறார் என்று கதை கட்டினார்கள். 2019இல் புதிய இருப்புப்பாதைக்காக அந்தத் திடலைத் தோண்டியபோது, சவப்பெட்டியின் மேலிருந்த ஈயத் தகட்டில் அவருடைய பெயர் தெரிந்தது. 2024 ஜூலையில் அவரைப் பிறந்த ஊரான லிங்கன்ஷயரின் டானிங்டனில் அடக்கம் செய்தார்கள். பதிவேடு சொன்ன திடலில்தான் அவர் அத்தனை காலமும் இருந்தார். பெயர் பொறித்த ஈயத் தகடு வாங்க உங்கள் முன்னோரின் குடும்பத்துக்கு வழி இருந்திருக்காது. ஆனால் அவருக்கும் பதிவேடு ஒரு திடலைச் சொல்லும்.

கடைசியாக ஒன்று. பதிவும் உறுதியாகி, திடலும் தெரிந்து, குழி மட்டும் தெரியாத நிலையில் குடும்பத்தினர் ஒரு சிறு நினைவுப் பலகை வைக்க விரும்பினால், முதலில் பங்குக்குருவானவரிடம் பேசுங்கள். ஆலயத் திடலில் எதை வைப்பதற்கும் திருச்சபைச் சட்டப்படி அனுமதி தேவை. சாதாரணக் கல்லுக்கு அவரே அனுமதி தரக்கூடிய வரம்புகள் உண்டு, குழி எதுவென்று தெரியாத ஒருவருக்கான நினைவுப் பலகை என்றால் பேராயத்தின் நீதிமன்ற அனுமதி வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்தோடு இறப்புச் சான்றிதழின் படியையும், அடக்கப் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தையும், பேராயர் நகலின் குறிப்பெண்ணையும் இணைத்துக் கொடுங்கள். அவற்றை இப்போதே தேதி, காப்பகக் குறியீடு, பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவது நல்லது. நான் இரண்டு முறை இதைச் செய்யாமல் விட்டு, ஒரே பக்கத்தைத் தேடி மீண்டும் காப்பகத்துக்குப் போயிருக்கிறேன்.